கூடைக்காரிக்கு ஒரு பேனர்

உழவர்கரையில் எனக்கு ஒரு பிளெக்ஸ் அச்சுக்கடை இருக்கிறது. இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது முகங்களை எங்கே வைப்பது என்பதுதான். பிறந்தநாள் பேனர் என்றால் பிறந்தநாள்காரன் நடுவில் நிற்பான், கீழே வட்ட வட்டமாக நண்பர்களின் தலைகள் வரும். காதுகுத்து என்றால் குழந்தை ஒரு பக்கம், தாய்மாமன்கள் மறுபக்கம். ஒரு மாமன் தலை கொஞ்சம் சிறுத்துவிட்டாலும் பேனர் கடைக்கே திரும்பி வந்துவிடும். ஒரே ஒரு முகம், கறுப்பு வெள்ளையில், சுற்றிலும் பூ என்று இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை. வண்டியின் வேகத்தைக் குறைத்து, நெஞ்சில் ஒரு முறை கைவைத்துவிட்டுப் போவார்கள்.

இவ்வளவும் தெரிந்த நானேதான் அங்கம்மாளுக்கு அந்தப் பேனரை அடித்தேன். அது எப்படி நடந்தது என்று புரிய, எங்கள் மன்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

'நீலத்திரைச் சபதம்' கதை தெரியாதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. முதலில் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது, பிறகு தடித்த புத்தகமானது, அதன் பிறகு சினிமாவானது. அதில் வரும் இளவரசனுக்கு ரசிகர்கள் உண்டு, குதிரை ஏறும் அரசிக்கு உண்டு, துரோகி மந்திரிக்குக்கூட உண்டு. எங்கள் மன்றம் இவர்கள் யாருக்கும் அல்ல. கூடைக்காரிக்கு.

அவள் வருவது புத்தகத்தில் இரண்டே பக்கம். துறைமுகத்தை எதிரிப் படை சூழ்ந்திருக்கிறது. வெளிக்கடலில் நிற்கும் கப்பல்களுக்கு இளவரசன் ஓர் ஓலை அனுப்பியாக வேண்டும். வாசல்களில் எல்லோரையும் சோதிக்கிறார்கள். ஒரு மீன்காரப் பெண் ஓலையை வாங்கி, கூடையில் மீனுக்கு அடியில் வைத்து, தலையில் தூக்கிக்கொண்டு நடந்தே வெளியே போகிறாள். கப்பல்கள் வருகின்றன, போர் திரும்புகிறது. அதற்குப் பிறகு கதை அவளை மறந்துவிடுகிறது. அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் 'கூடைக்காரி'. சினிமாவில் அவளே இல்லை. இளவரசன் ஓலையைப் பல்லில் கடித்துக்கொண்டு தானே நீந்திப் போகிறான். அந்தக் காட்சிக்குத் தியேட்டரில் விசில் பறக்கும், எங்களுக்கு மட்டும் வயிறு எரியும்.

மன்றத்தைத் தொடங்கியவள் ஹேமலதா. மூலக்குளத்துக்காரி, ஓர் ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள். ஒரே கதை கை மாறும்போது என்னென்ன ஆகிறது என்று பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஓர் ஆசை. பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகம், வானொலி நாடகம், கோயில் திருவிழா நாடகம் என்று 'நீலத்திரைச் சபத'த்தின் யாருக்கும் தெரியாத வடிவங்களாகத் தேடிச் சேர்ப்பாள். அப்படித்தான் பிள்ளைச்சாவடி நாடகம் கிடைத்தது. முப்பது வருடங்களுக்கு முன் அந்த மீனவக் குப்பத்துத் திருவிழாவில் போட்டது. கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவர் அதையும் எடுத்திருந்தார், அந்தக் கேசட்டை அவர் மகன் இணையத்தில் ஏற்றியிருந்தான். பார்த்தவர்கள் எண்ணிக்கையில் பாதி நாங்கள்தான் என்று நினைக்கிறேன்.

அந்த நாடகத்தில் கூடைக்காரி திரும்பி வருகிறாள். போர் முடிந்ததும் இளவரசன் அவளை அழைத்து, "உன் பெயர் என்ன, பெண்ணே?" என்று கேட்கிறான். அவள் கூடையை இறக்கி வைக்கிறாள், தலையை நிமிர்த்துகிறாள், வாயைத் திறக்கிறாள். அங்கே படம் போய்விடுகிறது.

கேசட்டுக்குள் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் துரு போன்ற ஒரு பொடியைப் பசைவைத்து ஒட்டியிருப்பார்கள், படமும் குரலும் அந்தப் பொடியில்தான் இருக்கின்றன. கடலோர ஈரம் பட்டால் பசை இளகும், பூஞ்சை பிடிக்கும், ஓட்டும்போது பொடி உரிந்து வந்துவிடும். அந்த ஓரிடத்தில் உரிந்திருந்தது. இத்தனை கை மாறி வந்த கதையில் கூடைக்காரிக்கு ஒரே ஒரு முறை பெயர் கிடைத்தது, அதையும் பூஞ்சை தின்றுவிட்டது.

கூடைக்காரியாக நடித்தவர் அங்கம்மாள். பிள்ளைச்சாவடியிலேயே இருக்கிறார், மீன் வியாபாரம். ஹேமலதாவும் நானும் அஜித்தும் போய்க் கதவைத் தட்டினோம். அஜித் எங்கள் மன்றத்தில் இளையவன், கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவன். நாடகத்தின் பெயரைச் சொன்னதுமே அங்கம்மாளின் முகம் மாறிவிட்டது. அதில் இளவரசனாக நடித்தவர் பின்னாளில் டிவி சீரியலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து நாடகத்தைப் பற்றிக் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். அவர் எப்படிச் சிரிப்பார், என்ன சாப்பிடுவார் என்று.

"அவரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. போங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். ஹேமலதா ஜன்னல் வழியாக எதையோ சொல்லப் பார்த்தாள். ஜன்னலும் சாத்தப்பட்டது.

மன்றத்தின் ஆண்டுக் கூட்டம் மூலக்குளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு அவரை வரவைக்க ஹேமலதா கண்ட வழிதான் பேனர். அவர் தினமும் கடந்துபோகும் பிள்ளைச்சாவடி பஸ் நிறுத்தத்தில், தெரிந்தவர் கடைச் சுவரில் கட்டலாம், இளவரசன் இல்லாத பேனரைப் பார்த்தால் நம்பி வருவார் என்றாள். எங்கள் தலைகளும் வேண்டாம், அவர் ஒருவர் மட்டும் இருந்தால் போதும் என்பதில் கறாராக இருந்தாள்.

எங்களிடம் இருந்த ஒரே படம் பழைய நாடக நோட்டீஸில் வந்தது. நோட்டீஸ் படம் என்பது வெறும் புள்ளிகள். சின்னதாக இருக்கும்போது கண் அவற்றை முகமாகச் சேர்த்துக்கொள்ளும். பேனர் அளவுக்குப் பெருக்கினால் ஒவ்வொரு புள்ளியும் மிளகளவு ஆகி, முகம் காணாமல் போய்விடும். நான் மதியம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து புள்ளிகளைக் கரைத்து அந்த முகத்தை வெளியே கொண்டுவந்தேன். கண் தெளிந்தது, மூக்குத்தி தெளிந்தது. ஓரங்கள் வெறிச்சென்று இருப்பதாக அஜித் சொன்னான், பூ வைத்தேன். ஹேமலதா வாசகம் தந்தாள்: 'எங்கள் மனங்களில் என்றும் வாழும் கூடைக்காரி அங்கம்மாள். ஞாயிறு மாலை நான்கு மணி, மூலக்குளம். அனைவரும் வருக.' மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்தோம். அழகாக இருந்தது. வேறு எதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

பேனர் கட்டிய மறுநாள் காலை கடை வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. அங்கம்மாள் இறங்கினார், கையில் பெரிய ரோஜா மாலை. பின்னால் குப்பத்துப் பெண்கள் சிலர். பேனரின் அடியில் என் பெயரும் கடை முகவரியும் இருக்கும், அதைப் பார்த்து வந்திருக்கிறார்.

"இத அடிச்ச பாய் யாரு?"

நான்தான் என்றேன். மாலையை மேசைமேல் வைத்தார்.

"எங்கண்ணன் கூனிமேட்டுலேர்ந்து இத வாங்கிகினு அழுதுகினே வந்து நிக்கிறாரு. நானு வாசல்ல குந்திகினு வஞ்சிரம் அறுத்துகினு இருக்கேன். என்னப் பாத்ததும் இன்னும் ஜாஸ்தியா அழுவுறாரு. நானே செத்தாகூட இவ்ளோ அழமாட்டாரு."

உடன் வந்த கொளஞ்சி என்ற பெண் சிரிப்பை முந்தானையால் மூடினார். "உனுக்கு யாரு அழுவா, யாரு அழமாட்டான்னு முன்கூட்டியே தெரிஞ்சி போச்சில்ல. எங்களுக்கெல்லாம் அந்தக் குடுப்பின உண்டா?"

அப்போதுதான் கம்ப்யூட்டர் திரையில் இருந்த பேனரை ஒரு வழிப்போக்கனின் கண்ணால் பார்த்தேன். ஒரு முகம், கறுப்பு வெள்ளை, பூ, 'என்றும் வாழும்'. செத்தவர்களுக்கு வைக்கிற அதே பேனர். மன்னிப்புக் கேட்டேன். பேனரை இறக்க அஜித்தை அனுப்பினேன். ஹேமலதாவுக்குப் போன் செய்தேன், அவள் ஆய்வகக் கோட்டுடனே வந்து சேர்ந்தாள். வாசலில் நின்றவள் உள்ளே வரத் தயங்கினாள். இனி அந்தப் பெயர் கிடைக்காது என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

அங்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார், நெடுநேரம்.

"அவன் எங்க?"

"யாருங்க?"

"இளவரசன். அவன எங்க போட்டுருக்க?"

"அவர நாங்க போடல. அவருக்கும் எங்களுக்கும் ஒண்ணும் இல்லைங்க" என்றாள் ஹேமலதா. "கேசட்ல நீங்க பேரு சொல்ற எடம் போயிடுச்சி. கூடைக்காரி பேர மட்டும்தான் கேக்கணும். அன்னிக்கும் அதுக்குத்தான் வந்தோம்."

அங்கம்மாள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதற்காக மட்டுமா என்று கேட்டார். அதற்காக மட்டும்தான் என்றேன். அவர் தம் கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"இங்க குந்திகினு சொன்னா அது வெறும் பேரு. கேக்கறவன் கேக்கணும், அப்பதான் வரும்" என்றார். "ஞாயித்துக்கெழம எவனாவது ஒருத்தன இளவரசனா நிக்க வை. வரேன்."

அந்த ஞாயிறு எங்கள் சின்னக் கூடத்தில் இடமில்லை. வழக்கமாக வருகிற எங்களோடு பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். செத்துப் பிழைத்தவரைப் பார்க்க வந்தவர்கள் பாதி, அண்ணன் குமாரவேல் உட்பட. அஜித்துக்குச் சரிகை வேட்டி கட்டி, இளவரசனாக நிறுத்தியிருந்தோம்.

முதலில் அங்கம்மாள் நாடகம் நடந்த விதத்தைச் சொன்னார். அந்தக் காலத்தில் குப்பத்து நாடகம் என்றால் ஆண் வேடத்துக்கு உள்ளூர்ப் பையன்கள், பெண் வேடத்துக்கு வெளியூரிலிருந்து சம்பளத்துக்கு வரும் நடிகைகள். அரசிக்கு ஒரு நடிகை வந்துவிட்டார், கூடைக்காரிக்கு வர வேண்டியவர் வரவில்லை. கூடை தூக்கத் தெரிந்தவள் போதும் என்று அங்கம்மாளைப் பிடித்து நிறுத்தினார்கள். நாடகம் எழுதியவர் கொடுத்த வசனம், 'ஏழைக்குப் பெயர் எதற்கு, இளவரசே? கூடைக்காரி என்றே அழையுங்கள்' என்பது. அதை மனப்பாடம் செய்துகொண்டுதான் மேடை ஏறியிருக்கிறார்.

மேடையிலிருந்து பார்த்தால் முன்வரிசை மணலில் அவர் அம்மா. மிஷன் வீதி, வைசியாள் வீதி என்று டவுன் முழுக்க மீன் சுமந்து விற்றவர். தினமும் பார்க்கிற வீடுகளிலும் அவரை 'ஏ மீனு' என்றுதான் கூப்பிடுவார்களாம்.

இதைச் சொல்லிவிட்டு அங்கம்மாள் எழுந்து கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். அஜித்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

"உன் பெயர் என்ன, பெண்ணே?" என்று கேட்டான் அவன்.

அவர் கூடையை இறக்கினார். நிமிர்ந்தார்.

"வீராயி. பிள்ளைச்சாவடி வீராயி."

முதலில் சத்தம் வந்தது குமாரவேலிடமிருந்து. அது அவருக்கும் அம்மாவின் பெயர் அல்லவா. பிறகு கூடம் முழுக்கக் கைதட்டல். அஜித் அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றான். அன்றைய இளவரசனும் இப்படித்தான் வாயடைத்து நின்றான் என்றும், எழுதியவர் திரைக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தார் என்றும், கீழே இருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டதால் நாடகத்தை அதற்குமேல் நடத்த முடியவில்லை என்றும் அங்கம்மாள் சொன்னார்.

ஹேமலதா அந்தப் பெயரை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கம்மாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தான் அந்தப் புத்தகத்தைப் படித்ததே இல்லை, சினிமாதான் பார்த்தது, அதில் தன்னைத் தேடிக் காணோம் என்றார்.

"பொஸ்தகத்துல எவ்ளோ தூரம் வரேன்?"

"ரெண்டு பக்கம்."

"படி, கேப்போம்."

ஹேமலதா புத்தகத்தைப் பிரித்து உரக்கப் படிக்கத் தொடங்கினாள். "கோட்டை வாசலை நோக்கி ஒரு கூடைக்காரி நடந்து வந்தாள்..."

"ஒரு கூடைக்காரி இல்ல" என்று கொளஞ்சி குறுக்கிட்டார். "வீராயி."

ஹேமலதா அந்த வரியை மறுபடி படித்தாள், இந்த முறை பெயரோடு. அடுத்த வரியில் கொளஞ்சி சொல்வதற்குள் பின்வரிசை முந்திக்கொண்டது. அதற்கடுத்த வரியில் குமாரவேல் முந்தினார். அந்த இரண்டு பக்கத்தைப் படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.