மெழுகில் பதிந்த அலறல்

சூதாட்டம் குடியைக் கெடுக்கும் என்று ஊருக்குப் புத்தி சொல்லும் படம் அது. ஹாலிவுட்டில் ஊமைப் படத்தைக் கைகழுவிவிட்டு எல்லாரும் பேசும் படத்துக்குத் தாவிக்கொண்டிருந்த சமயம். நான் மேக்கப் போடுகிறவள். அதில் வேலை செய்தேன் என்று சொல்ல இன்றைக்கும் குமட்டுகிறது.

சூதாட்ட விடுதிக்குள் ரவுடிகள் புகுந்து சுடும் காட்சி. வெற்று வெடி வெடித்தால் சுவரில் ஓட்டை விழாது என்று டைரக்டர் ஹோல்பர்ட் நிஜத் துப்பாக்கியோடு டாப்சனை வரவழைத்திருந்தார். பட்டாளத்தில் குறி தவறாதவன் என்று பெயர் வாங்கியவனாம். சுவரோரம் நிற்க வேண்டியவன் லெஸ்டர் என்ற துணை நடிகன். மாதக்கணக்காக வேலை கிடைக்காதவன், முடியாது என்று சொல்லும் நிலையில் இல்லை. ஒரு சாண் அசைந்தாலும் குண்டு உன்மேல்தான் என்று டாப்சன் அவனிடம் சாவகாசமாகச் சொன்னான்.

லெஸ்டர் பயந்து அசைவானா, மாட்டானா என்று அங்கேயே பந்தயம் ஆரம்பித்துவிட்டது. விளக்குப் பிடிக்கிறவன் முதல் டைரக்டர்வரை கட்டினார்கள். இந்த மூஞ்சிகள்தான் ஊரைத் திருத்தப் படம் எடுத்தன.

துப்பாக்கி வெடித்தது. லெஸ்டர் அலறிக்கொண்டு அசைந்தான். சுவரிலிருந்து தெறித்த காரை அவன் காதைக் கிழித்திருந்தது. நான் துணியால் அழுத்திக்கொண்டு டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. அலறல் வெடிக்கு முன்னாலா பின்னாலா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் என்றால் பயம். பின்னால் என்றால் வலி, அது பந்தயத்தில் சேராது.

சத்தம் மெழுகுத் தட்டில் பதிவாகியிருந்தது. இருப்பது ஒரே தட்டு, ஓட்டிக் கேட்டால் தேய்ந்து வீணாகிவிடும், காட்சியை மறுபடி எடுக்க வேண்டும் என்று ஒலிப்பதிவாளர் கெஞ்சினார்.

"எடுத்தா போச்சு. போடுய்யா," என்றார் ஹோல்பர்ட்.

போட்டார்கள். வெடி முதலில் கேட்டது, அலறல் அப்புறம். நிற்பான் என்று கட்டியிருந்த ஹோல்பர்ட் ஜெயித்தார். சிரித்துக்கொண்டே லெஸ்டரின் முதுகில் தட்டி, மறுபடி போய் நிற்கச் சொன்னார். புதுப் பந்தயமும் தொடங்கிவிட்டது.

கிழிந்த காதை மறைக்கும்படி எனக்கு உத்தரவு. மாட்டேன் என்றேன். லெஸ்டர் என் கையைப் பிடித்தான்.

"பவுடரைப் போடுக்கா. இந்தத் தடவை என் பணமும் அதுல இருக்கு."

"நிப்பேன்னு கட்டினியா?"

"அப்படித்தான் எல்லாரும் கட்டிட்டாங்க. அதுல என்ன கிடைக்கும்? அசைவேன்னு கட்டியிருக்கேன். லேசா, தோளை மட்டும்."

பவுடர் டப்பாவைப் போட்டுவிட்டு டாப்சனிடம் ஓடினேன். அவன் குண்டு நிரப்பிக்கொண்டிருந்தான். சுடாதே, அந்தப் பைத்தியக்காரன் வேண்டுமென்றே அசையப் போகிறான் என்று சொன்னேன்.

அவன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"தெரியும். நானும் அசைவான்னுதான் கட்டியிருக்கேன்."