இரண்டு போர்ட்டுக்கும் ஒரே க்ளாக்

...காலை ஏழு பத்து, நான்காவது வினாடி. நேற்றும் அதே, முந்தாநாளும் அதே, இருபத்தொரு நாளும் அதே நான்காவது வினாடியில்தான் வெப்பநிலைப் பதிவு நின்றிருக்கிறது, ஒரு மனுஷக் கை தினமும் இவ்வளவு சரியாகவா சுவிட்சை அணைக்கும், இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டாமா... கேட்கவில்லை. கள்ளக்குறிச்சியில் இந்த மாடி அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, கல்வராயன் மலைமேல் இருக்கிற ஒரு பால் குளிரூட்டும் தொட்டியைப் பற்றி, "பணியாளர் பகலில் அணைத்திருக்கக்கூடும்" என்று மூன்று வாரம் முன்பு, அதை நடத்தும் மகளிர் குழுவுக்கு எழுதி அனுப்பினேன். ஒரே வரி. பணியாளர் என்றால் சின்னப்பொண்ணு, அங்கே வேறு யார் இருக்கிறார்கள். அன்றைக்கே போனில் சொன்னார், "பூட்டு போட்டுக்கினுதான் மேடம் வூட்டுக்குப் போறேன், எலி வேணா அணைச்சிருக்கும், அதுங்கிட்ட கேளுங்க." நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அனுப்பினேன். தொட்டியை அணைத்திருந்தால் பால் கெட்டிருக்கும், ஒரு நாள்கூடக் கெட்டதில்லையே, அதையாவது யோசித்தேனா? இன்று மூன்று மணிக்கு மகளிர் குழு கூடுகிறது, தொட்டி அறையின் சாவியை அவரிடமிருந்து வாங்கி வேறு ஆளுக்குக் கொடுக்கப் போகிறார்கள். இப்போது மணி ஒன்றே கால்.

முறையாகப் பார்ப்போம். தொட்டியில் மாட்டிய பெட்டிக்குள் சிப், சிப்பில் தகவல் போய்வர இரண்டு சீரியல் போர்ட், ஒன்று வெப்பமானியிடம் கேட்கும், மற்றது மோடம் வழியாக எங்களுக்கு அனுப்பும். இரண்டையும் ஓட்டுவது ஒரே க்ளாக், மணி காட்டுவது அல்ல, சிப்புக்குள் ஓடும் துடிப்பு. எந்த உறுப்புக்கு எது தேவை என்று, பெட்டியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளுக்குச் சொல்வது டிவைஸ் ட்ரீ கோப்பு, அதில் மோடம் போர்ட்டின் கீழே மட்டும் அந்த க்ளாக்கை எழுதியவள் நான்தான். வெப்பமானி போர்ட்டின் கீழே எழுதவில்லை, எழுதாமலே ஓடியதே, ஓடுகிறதை யார் சந்தேகப்படுவார்கள்... மாலை ஆறுக்குத் திறக்கும் மோடம் போர்ட் காலை ஏழு பத்துக்கு மூடும், மூடியதும் இனி யாருக்கும் தேவையில்லை என்று லினக்ஸ் க்ளாக்கை நிறுத்திவிடும், தேவை என்று சொல்லப்படாத வெப்பமானி பகல் முழுக்க ஊமையாக இருக்கும். அணைத்தது யார் என்றால்... நான்.

மேலாளர் அன்புச்செல்வனிடம் உடனே போய்ச் சொன்னேன். "க்ளாக்க எப்பவுமே ஓடுற மாதிரி வுட்டுடு இலக்கியா, பைண்டிங்கலாம் எதுக்குத் தொடுற, இத முதல்ல எழுதுனது யாருன்னு கேப்பாங்க" என்றார். பைண்டிங் என்பது டிவைஸ் ட்ரீ கோப்பில் எதையெல்லாம் எழுதியே ஆகவேண்டும் என்று சொல்லும் விதி, உலகம் முழுக்கப் படிக்கலாம். க்ளாக்கை ஓடவிட்டால் இன்றே பதிவு சரியாகிவிடும், ஒருவருக்கும் தெரியாது, சின்னப்பொண்ணுவுக்கும். ஆமாம், அவருக்கும் தெரியாது... பைண்டிங்கைத் திறந்து தட்டச்சு செய்தேன். இரண்டு போர்ட்டும் ஒரே க்ளாக்கைப் பகிர்கின்றன, ஆகவே இரண்டின் கீழும் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். முன்பு குறிப்பிடாதது என் தவறு. கடைசி வரியை இரண்டு முறை அழித்தேன், மூன்றாம் முறை விட்டுவிட்டேன்.

பிறகு சின்னப்பொண்ணுவைப் போனில் கூப்பிட்டேன். காற்றும் ஆட்டுச் சத்தமுமாக இருந்தது. நீங்கள் அணைக்கவில்லை, தப்பு என் பக்கம், கூட்டத்தில் போனை ஸ்பீக்கரில் போடுங்கள், நானே சொல்கிறேன் என்றேன். "பேசுனா காத்தோட போயிடும் மேடம். அன்னிக்கி நீங்க எழுதுனதத்தான் எல்லாரையும் வச்சிக்கினு படிச்சாங்க. இதையும் எழுதியே அனுப்புங்க, தமிழ்லயே." சரி என்றேன். கோபமா என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாதுதான். "கோவம் இன்னா கோவம். ஒருவேள நாந்தான் தெரியாம தொட்டுட்டேனோன்னு இருந்துச்சி. அதனால கைய பின்னால கட்டிக்கினுதான் உள்ளாற போவேன். பால் ஊத்தறப்போதான் எடுப்பேன்."

விடுநர், பெறுநர், பொருள், தேதி எல்லாம் போட்டு ஒரு பக்கத்துக்குள் எழுதி இரண்டேகாலுக்குக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். சாவி அவரிடமே இருக்கும், இருக்கத்தான் வேண்டும். ஆனால் மூன்று வாரம், தினமும் இரண்டு வேளை, தான் செய்யாததைத் தன் கை செய்திருக்கும் என்று நம்பி ஒருத்தர் அந்த அறைக்குள் நடந்திருக்கிறார்... நாளைக் காலை கதவைத் திறந்ததும் அந்தக் கைகள் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, எந்தப் பதிவிலும் அது வராது.