தாஹிராவுக்கு மட்டும் அனுமதி

ஒரு கிரேக்கத் தீவின் அகதிகள் முகாமில் ஏழு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். நானும் ஆப்கானிஸ்தானிலிருந்து அதே கடலைத் தாண்டி வந்த ஹசாரா இனப் பெண்தான். யார் யாருடைய துயரத்தையோ என் வாயால் அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறேன். தாஹிராவுடையதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கூடம் போனதில்லை. அவளும் அவள் அப்பா நவ்ரோஸும் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட கை ஜாடைதான் அவளுக்குத் தெரிந்த ஒரே மொழி. நவ்ரோஸ் கொத்தனார்; மரியாதைக்கு நான் அவரைச் சித்தப்பா என்பேன். "இவ திட்டுறது அக்கம்பக்கத்துக்குக் கேக்காது, அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி" என்று சிரிப்பார்.

புகலிட விசாரணைக்கு அவளை மட்டும் உள்ளே அழைத்தார்கள். விசாரணை ரகசியமானது, அப்பா கூட இருக்கக்கூடாது என்றார்கள். நான் தெரிந்தமட்டும் கைகளை அசைத்துக் கேட்டேன். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி மூன்று இடங்களில் 'பதில் இல்லை' என்று எழுதினார்.

ஆனால் முகாம் டாக்டர் அவளைச் சிறப்புப் பாதுகாப்பு தேவைப்படுபவள் என்று எழுதிக் கொடுத்தார். அப்படிப்பட்டவர்களை எல்லையில் வைத்து அவசர விசாரணை நடத்தக்கூடாது. ஏதென்ஸுக்கு அனுப்ப வேண்டும். சந்தோஷமாகத் தாளை வாங்கிப் படித்தேன். அனுமதி அவளுக்கு மட்டும்தான். வயது வந்த மகள் என்பதால் அப்பாவின் வழக்கு தனி. அவர் ஆரோக்கியமானவர், துருக்கி வழியாக வந்தவர், அங்கேயே திருப்பி அனுப்பப்படலாம்.

அப்பா இல்லாமல் அவளுக்குப் பேச்சே இல்லை என்று அதிகாரியிடம் மன்றாடினேன். அவர் கெட்டவர் அல்ல.

"பாதுகாப்பு கேட்டீங்க, குடுத்தாச்சு. இதுக்கு மேல என் கையில இல்லம்மா."

அப்பாவையும் அவளோடு சேர்க்கச் சொல்லி முகாமில் உதவும் வக்கீல் மனுப் போட்டார். பதில் வருவதற்குள் கப்பல் வந்துவிட்டது.

துறைமுக வாசலில் நவ்ரோஸ் என்னைக் கேட்டார். "இவ போகலேன்னா?"

"இந்த அனுமதியும் போயிடலாம், சித்தப்பா."

அவர் மகள் பக்கம் திரும்பிக் கைகளால் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, சிரித்த முகத்தோடு கப்பலேறினாள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நாலு நாள்ல நானும் வந்துடுவேன்னேன். இதுவரைக்கும் இவகிட்ட பொய் சொன்னதில்லம்மா. எங்க பாஷையில பொய் சொல்லவே முடியாதுன்னு நெனச்சிருந்தேன்."

ஏதென்ஸ் விடுதியில் தாஹிரா நான்கு நாள் பொறுத்திருந்தாள். பிறகு சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள். சாயங்காலம் நான் தீவிலிருந்து என் போனில் வீடியோ அழைப்புப் போட்டு அப்பாவின் முகத்தைக் காட்டினால் மட்டும் சாப்பிடுவாள். இப்படி இரண்டு மாதம் போனது. நவ்ரோஸின் புகலிட மனு தள்ளுபடியானது, மேல்முறையீடும் தோற்றது. ஒரு காலையில் அவரைப் படகில் ஏற்றித் துருக்கிக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எண்ணுக்கு அழைப்பே போகவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து வக்கீலின் மனுவுக்குப் பதில் வந்தது. மகள் அவரையே நம்பியிருப்பதால் அவரையும் அவளோடு சேர்க்கலாம் என்று இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு நான் ஏதென்ஸுக்குப் போனேன். தாஹிரா என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். பிறகு என் பின்னால் போய்ப் படிக்கட்டில் தேடினாள். திரும்பி வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள். கைகளால் கடலைக் காட்டினேன், படகைக் காட்டினேன், தூரத்தைக் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. என் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்து, மேலே எதுவும் சொல்லவிடாமல் இறுக்கிக்கொண்டாள்.