வீட்டுக்கு ஒரு சான்றிதழ்

“முதல் பட்டதாரி சான்றிதழ் எனக்கு வேணும்பா.”

அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை. அதைக் காட்டினால் என்ஜினியரிங் கட்டணம் குறையும். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் அந்தச் சலுகை. பத்தாவது படிக்கும் தம்பி ஜாபஸுக்கு என்று வைத்திருந்தார்கள். என் ரிசல்ட் வந்த அன்றே அம்மா சொல்லிவிட்டாள்: “அத்த மட்டும் உங்கப்பாகிட்ட கேட்டுடாத.”

பிளஸ் டூவில் நான் எடுத்தது அறுநூற்றுக்கு 391. போன ஞாயிறு காலை சர்ச்சில் ஐந்நூறைத் தாண்டியவர்களை முன்னால் கூப்பிட்டு ஜெபித்தார்கள். மற்றவர்களுக்கு ஜெபம் தேவையில்லை போலும். கூடப் படித்தவர்கள் எழுந்து போக, எங்கள் பெஞ்சில் நான் மட்டும் மிஞ்சினேன்.

“உன் மார்க்குக்கு அது வேஸ்ட்டுமா,” என்றார் அப்பா. “அவன் படிக்கிற புள்ள. நீ அம்பத்தூர்ல எதுனா கம்பெனிக்குப் போ. அப்பால தபால்ல படிச்சிக்க.”

“கவுன்சிலிங்ல எனக்கும் சீட்டு கீதுபா. கடைசி ரவுண்டுல வரும். ஆனா வரும்.”

“தம்பி வாயில மண்ணப் போடாதடி,” என்றாள் அம்மா.

ஜாபஸைப் பார்த்தேன். ‘அக்காவே எடுத்துக்கட்டும்’ என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே விட்டுக்கொடுத்திருப்பேன். அவன் குழம்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

கையைக் கழுவினேன். பீரோவைத் திறந்து ரேஷன் கார்டையும் என் டி.சி.யையும் எடுத்தேன்.

“இன்னாத்துக்குடி அதெல்லாம்?”

“இ-சேவை சென்டருக்குப் போறேன். என் பேர்ல எழுதிக் குடுக்க.”

யாரும் எழுந்து வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினேன்.