இடது பக்கம் மட்டும்

கார் வெளியான வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் அதற்கு 'மூக்கு' என்று பேர் வைத்துவிட்டார்கள். உலகத்தில் இத்தனை பேர் வேலை வெட்டி இல்லாமல் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கூபே என்கிற ஜாதி, இரண்டே கதவு, பின்னால் தாழ்ந்து சரிகிற கூரை, தரையோடு ஒட்டி நிற்கிற உடம்பு. அதையெல்லாம் ஒருத்தரும் பார்க்கவில்லை. பழைய மாடலில் காற்று போகிற கிரில் முன்பக்கத்தில் ஒடுக்கமாகப் படுத்துக்கிடந்தது. புதியதில் அது எழுந்து நின்று பம்பரின் அடிவரைக்கும் இறங்கிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். அதற்குப் போய் ஊர் கூடி ஒப்பாரி வைத்தது. பழைய காரின் படத்தைப் போட்டு, செத்துப்போன மனுஷனுக்கு எழுதுவது போல இரங்கல் எழுதினவனும் உண்டு.

அந்த மூக்கைச் செய்தவருக்கு ஐம்பத்தேழு வயது. கார் கம்பெனியின் டிசைன் கூடத்தில் இருபத்தாறு வருஷமாகக் களிமண் வேலை. எந்தக் காரும் தகடாவதற்கு முன்னால் அச்சு அசலாக அதே அளவில் மண்ணில் ஒரு தடவை நிற்க வேண்டும். ஆற்று மண் இல்லை, மெழுகு கலந்த பழுப்பு மண். அடுப்பில் சூடாக்கினால் வெண்ணெயாகக் குழையும், ஆறினால் சோப்புக் கட்டியாக இறுகும். அதை அப்பி, சுரண்டி, மறுபடி அப்பி, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். பாதி மயிரிழை மேடு இருந்தாலும் கை நின்றுவிடும். அதனால் கூடத்தில் அவருக்கு 'உள்ளங்கை' என்றே பேர். காரை முதலில் காகிதத்தில் வரைகிற அந்தப் பெண்கூட "உள்ளங்கை அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழுக்காரையும் செய்ய மாட்டார்கள். இடது பாதியை மட்டும் மண்ணில் செய்து, நடுவில் பெரிய கண்ணாடி ஒன்றை நிறுத்திவிடுவார்கள். பாதி மண்ணும் பாதி பிம்பமுமாக முழுக்கார் தெரியும். வலது பக்கத்தைப் பிற்பாடு மெஷின் அளவெடுத்துச் செய்துகொள்ளும். மூன்று வருஷம் உள்ளங்கை அந்தக் கண்ணாடிக்கு எதிரில் நின்று வேலை பார்த்தார். பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் கண்ணாடியில் அவரே இருந்தார்.

வெளியே பேசவும் வழியில்லை. வாசலில் போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். கார் வெளியாகும் வரைக்கும் மனைவி மக்களிடம்கூட மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மனைவியிடம் சொல்லாமல் இருப்பதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அவள் பிரிந்து போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. கஷ்டமெல்லாம் மகனிடம்தான்.

அம்மாவோடு போனபோது மகனுக்கு எட்டு வயது. இப்போது இருபத்துநாலு. வேறு ஊரில் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தவறாமல் போன் செய்வான், அந்த மட்டும் பிள்ளை நல்ல பிள்ளை. சாப்பிட்டீங்களா, அங்க மழையா, முட்டி வலி தேவலையா, சரிப்பா வெக்கிறேன். நாலு நிமிஷம். அதற்குமேல் இரண்டு பேருக்கும் சரக்கு இல்லை.

இத்தனைக்கும் பையன் கார்ப் பைத்தியம். அந்தப் பழைய கூபேயின் படத்தைப் பத்து வயதிலிருந்து சுவரில் ஒட்டி வைத்திருப்பவன். அப்பா கார் கம்பெனியில் இருக்கிறார் என்று தெரியும், ஆனால் அவர் பார்சல் வேன் பிரிவில் என்றுதான் தெரியும். முன்னே அப்படித்தான் இருந்தார். வேனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, கதவு திறக்கும், கதவு மூடும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரைக் கூபேக்கு மாற்றினார்கள். அன்றைக்கே பையனிடம் சொல்லியிருந்தால் அவன் தலைகால் புரியாமல் குதித்திருப்பான். சொல்லக்கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டு ஞாயிறு ஞாயிறாக மழையைப் பற்றியே பேசினார். ஆனால் வார்த்தையைத் தயார் செய்து வைத்திருந்தார். 'அது அப்பா செஞ்சதுடா.' கண்ணாடிக்கு எதிரில் சுரண்டும்போது அதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அந்த ஒரு வார்த்தையில் பிள்ளை திரும்பக் கிடைத்துவிடுவான் என்று நம்பினார், பாவி மனுஷன்.

கார் வெளியான பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போதே போன் அடித்தது. பையனும் பார்த்துவிட்டான், அதுதான் பொறுக்க முடியாமல் கூப்பிடுகிறான் என்று நினைத்தார். அது சரிதான். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அப்பா, அந்தக் கண்றாவியப் பாத்தீங்களா?"

"எத?"

"புது கூபேப்பா. உங்க கம்பெனிதான். மூஞ்சி முழுக்க மூக்கு. எவன்பா அதச் செஞ்சது, கண்ணத் திறந்துட்டுத்தான் செஞ்சானா?"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணைத் திறந்துகொண்டு செய்யவில்லை என்பது என்னவோ உண்மைதான். இங்கேதான் அவர் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எட்டு வயதுக்குப் பிறகு மகன் இப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். சிரிப்பு அடங்கப் போகிறது, அடங்கினால் அடுத்தது 'சரிப்பா வெக்கிறேன்' என்று மனசு அடித்துக்கொண்டது. வாயிலிருந்து தானாக வந்தது.

"அதுக்குச் சளி பிடிச்சா கைக்குட்டை பத்தாதுடா. போர்வைதான் வேணும்."

பையன் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "அப்பா, நீங்களா இப்படிப் பேசறீங்க" என்று இருமிக்கொண்டே கேட்டான். அன்றைக்குப் பத்தொன்பது நிமிஷம் பேசினார்கள்.

அதற்கப்புறம் மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காக வாரம் பூராவும் யோசித்து வைப்பார். அந்த மூக்குக்கு முடி வெட்டத் தனியாக ஆள் போட வேண்டும் என்பார். உள்ளே போன தேனீ வழி தெரியாமல் பின்சீட்டில் குடும்பம் நடத்துகிறது என்பார். பையன் அதையெல்லாம் தன் கார்க் கூட்டாளிகளின் குரூப்பில் போடுவான், உங்க அப்பா இந்த வாரம் என்ன சொன்னார் என்று அவர்கள் நச்சரிப்பார்களாம். இருபத்தைந்து நிமிஷம், முப்பத்திரண்டு, ஒரு வாரம் நாற்பது. நடுவே அவனுடைய வேலையைப் பற்றி, ஒரு பெண்ணைப் பற்றி, அம்மாவின் ரத்தக் கொதிப்பைப் பற்றியெல்லாம் பேச்சு வந்தது. மூக்கில்லாமல் அதெல்லாம் வந்திருக்காது.

போனை வைத்த பிறகு கழுவின டம்ளரையே எடுத்து மறுபடி கழுவிக்கொண்டு நிற்பார். சொந்தப் பிள்ளையை அடுத்த வீட்டில் திட்டிவிட்டு வந்தவன் மாதிரி இருக்கும். ஏனென்றால் அவருக்கு அந்தக் கார் பிடித்திருந்தது. முதலில் அவரும்தான் சண்டை போட்டார், "இது மூக்கு இல்லம்மா, வாசப்படி" என்று வரைகிற பெண்ணிடம் கத்தினார். அவள் விடவில்லை. பானெட் இறங்கி வந்து கிரிலின் விளிம்பில் மடிகிற இடம் ஒன்று இருக்கிறது, ஒரு கை அகலம்தான். அந்த ஒரு இடத்தில் நாலு மாசம் கிடந்தார். ஒரு சாயங்காலம் வெளிச்சம் அதன்மேல் எங்கும் தடுக்காமல் வழுக்கி இறங்கியதைப் பார்த்து இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். போட்டோவில் அது வராது. நேரில் பார்த்தால்தான் தெரியும். பார்க்காமலே பேசுகிறார்கள், அவரும் சேர்ந்து பேசுகிறார். திங்கட்கிழமை காலையில், ஊரார் திட்டியதைப் படித்துக் கண் வீங்கி வந்த அந்தப் பெண் "டீ குடிக்கலாமா அண்ணே" என்று கூப்பிட்டால், அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியாது.

மூன்றாவது மாசத்தில் மகன் சொன்னான். "சனிக்கிழமை வரேன்பா. உங்க ஊர் ஷோரூம்ல அந்தக் கார் நிக்குதாம். ரெண்டு பேரும் நேர்ல போய்க் கலாய்ப்போம். ராத்திரி தங்கிட்டு ஞாயித்துக்கிழமை கிளம்பறேன்."

அவன் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. அவர் ஜன்னலெல்லாம் துடைத்தார். கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கினார். வெள்ளிக்கிழமை கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். மேலே இருப்பவர்களுக்கு ஊர்வாய் பொறுக்கவில்லை. இதே காரின் அடுத்த மாடலில் மூக்கைப் பாதியாகக் குறைக்க வேண்டும், மூன்று வருஷத்தில் வெளியாகும், அதுவரை பரம ரகசியம். "நீங்க செஞ்சது, நீங்களே குறைச்சிடுங்க" என்றார் மேனேஜர், ஏதோ சலுகை கொடுப்பது போல. வரைகிற பெண் தலையைத் தூக்கவில்லை. உள்ளங்கை பழைய மாதிரியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ஷோரூமில் கார் கரும்பச்சை நிறத்தில் நின்றது. கழுத்தில் டை கட்டிய விற்பனைக்காரர், வாங்குகிற முகம் இல்லை என்று பார்த்த உடனே தெரிந்துகொண்டாலும், மரியாதைக்கு இரண்டடி தள்ளி நின்றார். மகன் காரைச் சுற்றி ஒரு சுற்று வந்தான். முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சிரிப்பான் என்று அவர் காத்திருந்தார். சிரிக்கவில்லை.

"பாத்து உக்காரு, தும்மிடப் போகுது" என்றார்.

பையன் திரும்பவில்லை. "நேர்ல வேற மாதிரி இருக்குப்பா. இங்க பாருங்களேன், மேலேர்ந்து இறங்கி இப்படி மடியுது பாருங்க, இந்த இடம்..."

சரியாக அந்த இடத்தைத்தான் காட்டினான், அந்த ஒரு கை அகலத்தை. மனுஷன் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். பழக்க தோஷம் விடவில்லை. "இந்த மூக்கு வீட்டுக்குள்ள வந்தப்புறம்தான் கார் உள்ள வரும்டா" என்றார், சத்தமாகவே. விற்பனைக்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதே நேரத்தில், வாய் இப்படிப் பேசிக்கொண்டிருக்க, அவருடைய கை அதுபாட்டுக்குப் போய் இடது பக்கத்தில் உட்கார்ந்தது. கண் மூடிக்கொண்டது. உள்ளங்கை பானெட்டிலிருந்து மெல்ல இறங்கி, மடிப்பில் நின்று, விளிம்பு வரைக்கும் போயிற்று. தகட்டில் அதை அவர் தொடுவது அதுதான் முதல் தடவை.

எங்கே வலிக்கிறது என்று கேட்டால் நோயாளியின் கை தேடாமல் போய் நிற்கிற இடத்தைத் தினமும் பார்க்கிறவன் அந்தப் பையன். எழுந்து நின்றான். அப்பாவின் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்.

"அப்பா, இது நீங்க செஞ்சதா?"

அவர் கையை எடுத்துவிட்டார். தயார் செய்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

"இடது பக்கம் மட்டும்" என்றார்.

"ஏன்பா சொல்லல? நான் இத்தன நாளா..."

"நீ சிரிச்சியேடா."

அவ்வளவுதான் பேசினார். பையனுக்கு முகத்தில் ஈ ஆடவில்லை. "நல்லாருக்குப்பா" என்றான். ஷோரூமை விட்டு வெளியே வரும்போது இன்னொரு தடவை, தெருவில் நடக்கும்போது இன்னொரு தடவை, "நெஜமாவே நல்லாருக்கு" என்றான். மூன்று வருஷம் எந்த வார்த்தைக்காக ஏங்கிக் கிடந்தாரோ அதே வார்த்தை. ஆனால் படத்தில் என்ன தெரிகிறது என்று கேட்கும் நோயாளியிடம் 'ஒண்ணும் பயப்படாதீங்க' என்று சொல்லுகிற குரலில் வந்தது. காலையில் யாருக்கோ பதில் வேலைக்குப் போக வேண்டும் என்று திடீரென்று ஞாபகம் வந்து, சாயங்கால பஸ்ஸிலேயே ஏறிவிட்டான். ஜன்னல் வழியாகக் கையை மட்டும் ஆட்டினான். கட்டிலில் புது விரிப்பின் மடிப்புக்கூடக் கலையவில்லை.

மறுநாள் போன் வரவில்லை, நேற்றுத்தானே பார்த்தோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தாற்போலப் பத்துக்கு வந்தது.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. முட்டி வலி எப்படி இருக்கு?"

"முட்டி இருக்கட்டும். மூக்கு எப்படி இருக்குன்னு கேக்கலையே" என்று சிரித்தார். சிரித்தது அவர் மட்டும்தான்.

"அதெல்லாம் வேணாம்பா. குரூப்ல போட்டதெல்லாம் அழிச்சிட்டேன். ரொம்ப சங்கடமாப் போச்சு எனக்கு." பிறகு பையன், பிறந்ததிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டான். "இப்ப என்ன செஞ்சிட்டிருக்கீங்க? வேலைல. சும்மா கேக்கலப்பா, தெரிஞ்சுக்கணும்னு இருக்கு."

அவர் தன் நகத்தைப் பார்த்தார். பழுப்பு மண் இன்னும் போகவில்லை. வாரம் முழுக்க அந்த மடிப்பைத்தான் சுரண்டி எடுத்திருந்தார், முக்கால்வாசி போய்விட்டது. அதைச் சொல்லித் தொலைத்தால்தான் என்ன, யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று எனக்கே வாய் துறுதுறுக்கிறது. ஆனால் இருபத்தாறு வருஷம் வாயைக் கட்டிப் பழகின மனுஷன்.

"அது... சொல்லக்கூடாதுப்பா."

"ஓ."

"மூணு வருஷம் ஆகும்."

பையன் கொஞ்சம் காத்திருந்தான். அவர் ஏதாவது சொல்லத் தேடினார், மூக்கைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

"பரவால்லப்பா" என்றான். "அங்க மழையா?"

"லேசா."

"சரிப்பா, வெக்கிறேன்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். நாலு நிமிஷம் ஆகியிருந்தது.