ரெண்டுக்கும் ஒரே பெட்டி

1

இந்தக் கதை ஓர் ஒலிப்பெட்டிக் கடையில் கிடைத்தது. கிடைத்தது என்றால் கீழே கிடந்து எடுத்தேன் என்று அர்த்தமில்லை, ஒட்டுக்கேட்டேன். என் ஹெட்போனில் ஒரு பக்கம் செத்துப்போயிருந்தது. அதைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது என் சொந்தக் காதுகள் இரண்டும் வேலையில்லாமல் இருந்தன.

பக்கத்தில் ஒருவர் சப்வூஃபர் வாங்க வந்திருந்தார். (தெரியாதவர்களுக்கு: படத்திலும் பாட்டிலும் வரும் ஆக அடிமட்ட ஓசையை மட்டும் உறுமுவதற்கென்றே உள்ள தனிப்பெட்டி. தெரிந்தவர்கள் இந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போகலாம். போக மாட்டார்கள். நான் எங்கே தப்பாகச் சொல்கிறேன் என்று பார்ப்பார்கள்.)

"படம் பாக்கவா, பாட்டு கேக்கவா டாக்டர்?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டுக்கும்."

"ரெண்டுக்கும்னா வீட்ல ரெண்டு பேர் இருக்கீங்கன்னு அர்த்தம்."

வந்தவர் காய்ச்சல் பார்ப்பதுபோலப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் பார்த்தது அவ்வளவுதான், மீதியெல்லாம் இட்டுக்கட்டியது. ஹெட்போனும் சரியாகவில்லை.

2

தொடக்க வரிக்கு நான் பட்ட பாடு:

"மனைவி போனபின் வீடு அமைதியாக..." வேண்டாம். இந்த வரியில் ஏற்கெனவே நிறைய பேர் குடியிருக்கிறார்கள்.

"பல் டாக்டருக்கு அடிமட்ட ஓசை பிடிக்கும், ஏனென்றால் நாள் முழுக்க அவர் காதில் விழுவது பல் குடையும் கருவியின் கீச்..." பரவாயில்லை. ஆனால் எழுதியவனின் கெட்டிக்காரத்தனம் வழிகிறது, துடைக்கத் துணி வேண்டும்.

(ஏன் பல் டாக்டர்? கடைக்காரர் டாக்டர் என்றார். எழுதும்போது எனக்குக் கடைவாயில் வலி.)

"பழைய சப்வூஃபர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செத்துப்போனது." இது போதும். போவோம்.

3

பழைய சப்வூஃபர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செத்துப்போனது. திரையில் ஒரு பாலம் இடிந்துகொண்டிருந்தது. பாதிப் பாலம் இடியோசையோடு விழுந்தது, மீதிப் பாலம் தகர டப்பா மாதிரி விழுந்தது. "பார்த்தியா இதை?" என்று பல் டாக்டர் இடதுபக்கம் திரும்பினார்.

இடதுபக்க நாற்காலி காலி. அது காலியாகி நாளாகிறது. மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, கொஞ்ச நாள் கூடமாட இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவர் அவர் மனைவி. அந்தக் குழந்தை இப்போது ஓடுகிறது.

சண்டை என்று எதுவும் கிடையாது. அதுதான் சங்கடம். சண்டை போட்டிருந்தால் சமாதானம் என்று ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

இருந்ததெல்லாம் ஒரே ஒரு வழக்கு. டாக்டர் படப் பிரியர், மனைவி பாட்டுப் பிரியர். ஒரே அறை, ஒரே பெட்டி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலி. பாட்டு ஓடும்போதெல்லாம் மனைவி கூட்டச் சொல்வார், தனக்கு எதுவும் கேட்கவில்லை, பாட்டுக்கு அடிவயிறே இல்லை என்பார். டாக்டர் குறைப்பார். ஜன்னல் கண்ணாடி அதிர்கிற அதிர்வில் இவளுக்குக் கேட்கவில்லையாம் என்று அவருக்குச் சிரிப்பு வரும். ஒருமுறை காது டாக்டரிடமே கூட்டிப்போனார். காது டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். "அப்ப உனக்குக் கவனம்தான் இல்ல" என்று காரில் வரும்போது தீர்ப்புச் சொன்னார் நம்மவர்.

மனைவி சில சமயம் தன் நாற்காலியை ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். டாக்டர் அதைத் திரும்பப் பின்னால் தள்ளி வைப்பார். இரண்டு நாற்காலிகளும் ஒரே கோட்டில் இருந்தால்தான் சிமெட்ரி என்று, எட்டுக் கால்களுக்கும் தரையில் டேப் ஒட்டிக் குறி போட்டிருந்தார்.

(இந்த இடத்தில் எனக்கு இவரைப் பிடிக்காமல் போனது. கதையை மூடிவைத்துவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோதும் அவர் அங்கேயே நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்தார். என்ன செய்வது, படைத்தாயிற்று.)

4

கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். "இது ஓட்டை வச்ச பெட்டி. உள்ள இருக்கிற காத்தும் சேர்ந்து அடிக்கும். படத்துக்கு இதான், வீடே ஆடும். அது மூடின பெட்டி. அடி விழும், உடனே நிக்கும், வழவழன்னு இழுக்காது. பாட்டுக்கு அதான்."

"ஒண்ணே ரெண்டுக்கும்?"

"பல்லைப் புடுங்கவும் வேணும், இருக்கவும் வேணும்னா எப்படி டாக்டர்?"

டாக்டர் தலைக்குள் வேறு கணக்கு ஓடியது. மூடின பெட்டியை வாங்கினால், மனைவி வருவாள் என்று அர்த்தம். ஓட்டைப் பெட்டியை வாங்கினால், வரமாட்டாள் என்று தானே எழுதிக் கொடுத்த மாதிரி. இப்படியா ஒரு மனிதன் யோசிப்பான் என்று கேட்காதீர்கள். சப்வூஃபர் வாங்கப் போகிறவர்கள் இதைவிட மோசமாக யோசிப்பதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

அவர் முழிப்பதைப் பார்த்துக் கடைக்காரர் இரங்கினார். "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. வர்ற திங்கக்கிழமைக்குள்ள ஒண்ணைத் திருப்பிக் கொடுங்க. ஆனா முதல்ல இடம் பாக்கணும். பெட்டியைத் தூக்கி நீங்க உக்கார்ற நாற்காலில வையுங்க. பாட்டைப் போட்டுட்டு நீங்க தரையில தவழுங்க. எங்க நல்லா கேக்குதோ அங்கதான் பெட்டிக்கு இடம்."

"தவழணுமா?"

"யாரும் பாக்க மாட்டாங்களே டாக்டர்."

அந்த வரியை அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

ஆக, சனிக்கிழமை சாயங்காலம், ஊரிலேயே கைராசிக்காரர் என்று பெயரெடுத்த பல் டாக்டர், தன் நாற்காலியில் ஒரு பெட்டியை மரியாதையாக உட்காரவைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டி, முட்டி போட்டு, காதைத் தரையோடு சாய்த்துத் தவழ்ந்தார். மூலையில் பெட்டி உறுமியது. கதவோரம் முனகியது. அலமாரிக்கு அடியில் என்றோ தொலைந்த மூக்குக்கண்ணாடி கிடைத்தது. அப்படியே ஊர்ந்து மனைவியின் நாற்காலிக்குக் கீழே வந்தார்.

ஒன்றுமே கேட்கவில்லை.

தலையைத் தூக்கினார், இறக்கினார். பாடுகிறவர் பாடிக்கொண்டிருந்தார், அடி மட்டும் இல்லை, யாரோ பாட்டுக்கு அடியில் கத்தரி போட்ட மாதிரி. ஒரு முழம் முன்னால் நகர்ந்தார். இருந்தது. பின்னால் வந்தார். இல்லை.

எழுந்தார். பெட்டியைத் தூக்கிப் பழைய பெட்டி இருந்த அதே இடத்தில், திரைக்குக் கீழே வைத்தார். மனைவி விரும்பிக் கேட்கும் பாட்டையே போட்டார். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பாட்டுக்கு அடிவயிறே இல்லை.

(எனக்குத் தெரிந்தவரை விஷயம் இதுதான்: அடிமட்ட ஓசை சுவரில் முட்டித் திரும்பி வரும். போகிறதும் வருகிறதும் சில இடங்களில் சேர்ந்து இரட்டிப்பாகும், சில இடங்களில் ஒன்றையொன்று தின்றுவிடும். டாக்டர் இரட்டிப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தார். மற்ற இடத்தில் மனைவிக்கு டேப் ஒட்டியிருந்தார்.)

5

இதுவரை எழுதியதை என் அக்காவுக்கு அனுப்பினேன். சாப்பிடுகிற நேரம் பார்த்து ஃபோன் வந்தது.

"படிச்சேன்டா. அந்தாளு தவழ்ற இடம் சிரிப்பா இருந்துச்சு."

"தேங்க்ஸ்க்கா."

"இரு. அந்தப் பொம்பளை எங்க?"

"மகள் வீட்ல. எழுதியிருக்கேனே?"

"அவ வாயைத் திறக்கவே இல்லையேடா. இப்படிச் சொல்வார், அப்படி என்பார்னு எல்லாம் அந்தாள் வழியாவே வருது. கடைக்காரனுக்கெல்லாம் வசனம் குடுத்திருக்க. அவளை நீயும் கேக்காத நாற்காலியிலதான் உக்கார வச்சிருக்க."

"அது ஒரு உத்திக்கா. கதை அவரை ஒட்டியே போகணும்னு..."

"இதான் உன் சிமெட்ரியா? போடா. அந்தாளை ஃபோன் பண்ணச் சொல்லு."

சோறு ஆறிவிட்டது.

6

டாக்டர் ஃபோன் செய்தார்.

"என்ன, சாவி எங்கயாவது வச்சிட்டீங்களா?" என்றார் மனைவி. ஏதாவது தொலைந்தால்தான் கூப்பிடுவார் என்று அவருக்குத் தெரியும்.

"இல்ல. உன் நாற்காலில உக்காந்து பார்த்தேன்."

"சரி."

"அங்க கேக்கல."

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியுமே," என்றார் மனைவி.

"இல்ல, அது ரூமோட கோளாறு. சுவர்ல பட்டுத் திரும்பி வந்து அந்த இடத்துல மட்டும்... உன் காதுல தப்பே இல்ல."

"என் காதுல தப்புன்னு யார் சொன்னது?"

டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"நான் சொன்னேன், நம்பல. காது டாக்டர் சொன்னார், நம்பல. இப்ப ஒரு பெட்டி சொன்னதும் நம்பிட்டீங்க. நல்ல பெட்டிதான், வாங்கிக்குங்க."

"அப்படியில்ல. இவ்வளவு தெளிவா நீ சொல்லியிருந்தா..."

"நாற்காலியை இழுத்துப் போட்டேனே, அதைவிட எப்படிச் சொல்றது? வலிக்குதுன்னு சொல்றவங்ககிட்ட வலியில்ல, சும்மா அழுத்தம்தான்னு சொல்லிச் சொல்லியே உங்களுக்குப் பழகிப்போச்சு. அவங்களாவது வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கிறதால பேச முடியாது. எனக்கு என்ன?"

 பிறகு டாக்டர், பேசாமலே இருந்திருக்கலாம்:

"பெட்டிக்குப் பின்னாடி ஒரு திருகு இருக்கு. மத்தப் பெட்டிகளோட ஒத்துப்போக வைக்கிறது. ஒருத்தர் திருகணும், ஒருத்தர் உக்காந்து கேட்டுச் சொல்லணும். தனியா முடியாது."

"அதுக்கு ஒரு ஆள் வேணும்."

"ஆமா."

"ஆள்," என்றார் மனைவி. "சரி, இவன் என்னமோ வாயில போட்டுட்டான். வைக்கிறேன்."

7

முடிவு. சில வகைகள் கைவசம் உள்ளன.

மனைவி வருகிறார். நாற்காலி ஒரு முழம் முன்னால் நகர்கிறது. பாட்டு. "இப்ப கேக்குது" என்று கண் கலங்குகி... இதை அக்காவுக்கு அனுப்ப எனக்குத் தைரியம் கிடையாது.

கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு ஏறி வருகிறார். டாக்டர் அவரைப் பிடித்து மனைவியின் நாற்காலியில் உட்காரவைக்கிறார். அவர் கொஞ்சம் கேட்டுவிட்டு, "இங்க ஒண்ணும் கேக்கலையே சார், எங்க வீட்லதான் இடியுது" என்கிறார். சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டு தப்பித்துவிடுவேன். வேண்டாம்.

டாக்டர் ஓட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒலியைக் கூட்டி, பாலம் முழுசாக இடிவதைப் பார்த்து, தனியா...

எழுத முடியவில்லை. எனக்கு அவரைப் பிடிக்காதுதான். இருந்தாலும் இவ்வளவு வேண்டாம்.

நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது மட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மறுநாள் ஒரு பெட்டி கடைக்குத் திரும்ப வேண்டும். டாக்டர் மனைவியின் நாற்காலிக்குக் கீழே இருந்த டேப்பை நகத்தால் பிய்த்தெடுத்தார். பசை போகவில்லை. நாற்காலியை ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டார். மனைவிக்குப் பிடித்த பாட்டைப் போட்டுவிட்டு, பெட்டிக்குப் பின்னால் போய் முட்டி போட்டு, கையை விட்டுத் திருகைப் பிடித்தார். எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்து பார்த்தால் நாற்காலியின் கால்கள்தான் தெரியும். யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று தெரியாது. திருகை மெல்லத் திருப்பினார்.

"கேக்குதா?" என்றார்.

நான் பதில் சொல்ல முடியாது. கதை முழுக்க அவர் நாற்காலியில் உட்கார்ந்தே எழுதிவிட்டேன். இங்கே எல்லாம் இரட்டிப்பாகத்தான் கேட்கிறது.

அந்த நாற்காலி இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள். கேட்டால் கேட்கிறது என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். ஒன்று மட்டும்: முதல் தடவை சொன்னதும் நம்பிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.