ஹீட்டர் மேல் போட்ட வழக்கு

கரண்ட் பில்லை என் மனைவி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில், தொட்டுக்கொள்ள வைக்கிற மாதிரி வைத்தாள். இரண்டு மாதத்துக்கு முந்நூற்று அறுபத்திரண்டு யூனிட்.

"இதுல பாதி உங்க வெந்நீர்தான்," என்றாள்.

"பாதியெல்லாம் இருக்காது."

"அப்ப முக்கால்."

அவளிடம் பேரம் பேசினால் விலை ஏறத்தான் செய்யும். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.

நான் குளிர் கிடங்கில் பெட்டி தூக்குகிறவன். உறைந்த மீன், இறைச்சி, பட்டாணி எல்லாம் அட்டைப்பெட்டியிலும் தெர்மாகோல் பெட்டியிலும் வரும். லாரியிலிருந்து இறக்கி உள்ளே அடுக்க வேண்டும். உள்ளேயிருந்து எடுத்து லாரியில் ஏற்ற வேண்டும். உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. வேலை விட்டு வெளியே வரும்போது முழங்கால் இரண்டும் யாரோ இரவல் கொடுத்தது போலிருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு வாளி வெந்நீர் ஊற்றிய பிறகுதான் என்னுடைய கால்கள் எனக்குத் திரும்பக் கிடைக்கும். அதற்காகத்தான் இரண்டு வருஷம் முன்பு கூடுதல் வேலை பார்த்த பணத்தில் அந்த ஹீட்டரை வாங்கிக் குளியலறைச் சுவரில் மாட்டினேன். எனக்கென்று நான் வாங்கிய பொருள் அந்த வீட்டில் அது ஒன்றுதான். மற்றவர்கள் யாரும் அதன் சுவிட்சைத் தொடுவதில்லை. மனைவி ஒரு ஆலைக் கேன்டீனில் பாத்திரம் துலக்குகிறவள். "எனக்குப் பச்சைத் தண்ணிதான் பழக்கம்," என்று சொல்லிவிடுவாள்.

அன்றைக்குத் தட்டைக் கழுவி வைத்த கையோடு தீர்ப்பையும் சொன்னாள்.

"அடுத்த பில் முந்நூறுக்குள்ள வரணும். ஒரு யூனிட் கூடினாலும் ஹீட்டரைக் கழட்டித் தம்பிகிட்ட குடுத்துடுவேன். அவன் விலையும் பேசிட்டான்."

அவள் தம்பி எலக்ட்ரீசியன். புதிதாகக் குளியலறை கட்டி, ஓடு பதித்து, குழாய் மாட்டி, சுவரில் நாலு துளையும் போட்டு வைத்திருக்கிறான். அந்த நாலு துளையும் என் ஹீட்டர் அளவுக்குப் போட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் குளியலறைக்குள் எட்டிப் பார்த்து ஹீட்டரை நலம் விசாரிப்பான். அக்காவை விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

எங்கள் மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். வீட்டில் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். படித்து வாங்கிய பட்டம் இல்லை, வாயால் வந்தது. அவள் இடையில் புகுந்து, "அப்பா, அறுபது நாளைக்கு முந்நூறுன்னா ஒரு நாளைக்கு அஞ்சு. தினம் சாயங்காலம் மீட்டரைப் பாத்து எழுதி வைங்க. அன்னன்னைக்கு என்ன பண்ணீங்கன்னும் எழுதுங்க. நாளைக்கு யாரும் பேச்சு மாறக் கூடாது," என்றாள்.

நோட்டு ஒன்றும் கொடுத்தாள். எழுதுகிற வேலை என்றால் நான் மறுக்கமாட்டேன். நாற்பது வயதுக்கு மேல் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவனுக்குப் பேனா இன்னும் புதுசு.

மறுநாளிலிருந்து வீட்டில் கிடங்குச் சட்டம் வந்தது. கிடங்கில் எங்கள் மேஸ்திரிக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். "கதவு." கதவு இரண்டு விநாடி கூடுதலாகத் திறந்திருந்தால் அந்த வார்த்தையாலேயே நம்மை அடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக யாரும் திறக்கக் கூடாது என்று கதவிலேயே சாக்பீஸால் எழுதிப் போட்டிருப்பார். நானும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் எழுதினேன். பால் ஒன்று, தக்காளி ஆறு, நேற்றைய குழம்பு பாதி. எடுத்தவர்கள் அழித்துவிட்டுப் புதுக் கணக்கு எழுத வேண்டும்.

"நான் என்ன என் வீட்டுல தக்காளி எடுக்குறேனா, இல்ல பேங்க்ல பணம் எடுக்குறேனா?" என்றாள் மனைவி. ஆனாலும் எழுதினாள். ஆறை அழித்து நாலு போட்டாள்.

ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அணைத்தேன். ஆள் இருந்தாலும் சில சமயம் அணைத்தேன். டிவியை ரிமோட்டில் நிறுத்தினால் போதாது என்று பிளக்கையே பிடுங்கினேன். சட்டைகளை இஸ்திரி போடாமல் நீவி மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். வக்கீலின் மேல்சட்டை ஒன்றில் என் இடுப்பு மடிப்பு விழுந்ததாகப் புகார் வந்தது. நோட்டில் தினமும் அஞ்சு, அஞ்சு, நாலே முக்கால் என்று விழுந்தது. சாயங்காலம் ஒரு வாளி வெந்நீரும் விழுந்துகொண்டிருந்தது.

கரண்டில் பழகிய சிக்கனம் அடுத்து கேஸுக்கும் போனது. பாத்திரத்துக்கு மூடி போடுவது, பயறை முதல் நாளே ஊற வைப்பது, தீயைப் பாத்திரத்தின் அடியோடு நிறுத்துவது எல்லாம் மனைவிக்கே தெரியும். நான் புதிதாக ஒன்று செய்தேன். கிடங்கில் மீன் வந்த தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, மூன்று தடவை கழுவி, வெயிலில் காய வைத்தேன். உலையில் அரிசி போட்டு ஏழெட்டு நிமிஷம் கொதித்ததும் பானையை இறக்கி, பழைய துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அடுப்பே இல்லாமல் மிச்சச் சோறு தானாக வெந்தது. முதல் நாள் களியாகிவிட்டது. இரண்டாம் நாள் தண்ணீரைக் குறைத்ததும் பூப் போல வந்தது.

"மீன் வாசம் அடிக்குது," என்றாள் மனைவி. பிறகு இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள். அவள் வாயிலிருந்து பாராட்டு வரும் வழி அவ்வளவுதான்.

அந்தப் பாராட்டு என் தலைக்கு ஏறிவிட்டது. சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கத் தெரிந்தவனுக்குக் குளிரைப் பிடித்து வைக்கத் தெரியாதா? அதிலும் குளிர் என் தொழில். கிடங்கில் சரக்கு லாரிக்காக வெளியே காத்திருக்கும்போது அதன் மேல் கனமான போர்வை ஒன்றைப் போர்த்துவோம். உள்ளே பஞ்சு, வெளியே வெள்ளித்தாள் மாதிரி பளபளப்பு. அப்படிப் போர்த்தினால் மணிக்கணக்கில் குளிர் குறையாது. கிழிந்த போர்வை ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்தேன். பதினைந்தாம் நாள் சாயங்காலம் ஃப்ரிட்ஜை இழுத்து, முதுகு, இரண்டு பக்கம், தலை எல்லாம் சுற்றிக் கயிற்றால் கட்டி, மறுபடி சுவரோடு ஒட்டித் தள்ளினேன். கதவு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"ஏதோ காய்ச்சல்காரன் மாதிரி இருக்கு," என்றாள் மனைவி.

நோட்டில் எழுதினேன்: இன்று ஃப்ரிட்ஜுக்குப் போர்வை போர்த்தினேன். அடியில் ஒரு கோடும் போட்டேன்.

மறுநாள் ஏழு யூனிட்.

ஒரு நாள் அப்படித்தான் இருக்கும் என்று விட்டேன். அடுத்த நாளும் ஏழு. அதற்கடுத்த நாள் ஏழே கால். போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். ஃப்ரிட்ஜின் விலா நன்றாகச் சூடாக இருந்தது. வெளியே இருக்கிற சூட்டையெல்லாம் உள்ளே போகவிடாமல் போர்வை பிடித்து வைத்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. போர்வை இல்லாவிட்டால் இவ்வளவு சூடும் பாலுக்குள் அல்லவா போயிருக்கும்.

ஏழு யூனிட்டுக்கு யார் காரணம் என்பதில் வீட்டில் இரண்டாவது கருத்து இல்லை. எல்லாக் கண்களும் குளியலறைப் பக்கம் திரும்பின.

"நெறைய ஊத்துறீங்க," என்றாள் மனைவி.

"ஒரே வாளிதான்."

"வாளி பெருசு."

சின்ன வாளி வந்தது. பிறகு அரை வாளி. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். மீட்டர் அசைந்து கொடுக்கவில்லை. வக்கீலுக்குத் தேர்வு நேரம். அவள் நோட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முப்பத்து மூன்றாம் நாள் நானே முடிவெடுத்தேன். பில் வரும்வரை ஹீட்டரைப் போடுவதில்லை. ஒரு மாதம் பல்லைக் கடித்தாலும் சரி, ஹீட்டர் நம் சுவரில் இருக்க வேண்டும். மனைவி நம்பவில்லை. சுவிட்சுக்குக் குறுக்கே நூல் கட்டி முடிச்சுப் போட்டாள்.

கிடங்கில் மேஸ்திரி என்னைப் பார்த்து, "என்னய்யா, வாத்து மாதிரி நடக்குற?" என்று கேட்டார். கதவு என்பதைத் தவிர வேறு வார்த்தையும் அவருக்குத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெந்நீரே இல்லாமல் மீட்டர் தினம் ஆறு ஓடியது. ஐம்பதாம் நாள் சாயங்காலம் முந்நூற்று மூன்று. மனைவி முடிச்சைப் பார்த்தாள். அவள் போட்டது போட்டபடியே இருந்தது. ஆனாலும் போனை எடுத்தாள்.

"தம்பி, ஞாயித்துக்கெழமை வா. ஸ்பேனர் எடுத்துட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சொல்லியிருந்தாள். எட்டரைக்கே வந்துவிட்டான். ஹீட்டரைச் சுற்றிக் கொண்டுபோகப் பழைய கம்பளி ஒன்றும் கொண்டுவந்திருந்தான்.

"மனசு கஷ்டப்படாதீங்க மாமா. எங்க போகுது, நம்ம வீட்டுக்குத்தான. எப்ப வேணாலும் வந்து குளிச்சிட்டுப் போங்க."

"ரெண்டு பஸ் மாறி வந்து குளிக்கணுமா மச்சான்?"

"ஒரு பஸ்தான் மாமா. ரெண்டாவது ஸ்டாப்புல எறங்கி நடந்துடலாம்."

வக்கீலுக்கு முந்தின நாளோடு தேர்வு முடிந்திருந்தது. கதவோரம் நின்று என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் கருவிப் பையை வைக்க இடம் தேடி, ஃப்ரிட்ஜின் தலையில் வைத்தான். வைத்த கையை வெடுக்கென்று எடுத்தான். பிறகு மெதுவாகப் போர்வைக்குள் கையை நுழைத்தான்.

"இது என்ன மாமா?"

"போர்வை. குளிர் வெளிய போகாம இருக்க."

அவன் என்னைப் பார்த்தான். ஃப்ரிட்ஜைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்து, பையிலிருந்து கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். போர்வை விழுந்ததும் அடுப்படியில் சூடு குப்பென்று அடித்தது.

"மாமா, ஃப்ரிட்ஜு உள்ள இருக்குற சூட்டை எடுத்து வெளிய தள்ளுது. முதுகுலயும் வெலாவுலயும் அதைத்தான் தள்ளும். நீங்க அதுக்குக் கம்பளி போத்தி மூச்சை அடைச்சிருக்கீங்க. ராத்திரி பகலா மோட்டார் நிக்காம ஓடியிருக்கு. கோல்டு ஸ்டோர்ல எத்தனை வருஷமா வேலை பாக்குறீங்க?"

"பதினெட்டு."

"அங்க மெஷின் எங்க இருக்கு?"

"மொட்டை மாடியில. நாங்க அங்க போறதில்ல."

உண்மைதான். பதினெட்டு வருஷமாகக் குளிருக்குள் நுழைந்து வெளியே வந்திருக்கிறேன். அங்கிருந்து எடுத்த சூடு எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஃப்ரிட்ஜின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. இப்போதுதான் படித்தேன். காற்றோட்டத்துக்கு நாலு விரல் இடம் விடவும் என்று போட்டிருந்தது. வாங்கிய நாளில் எனக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்த பிறகு ஃப்ரிட்ஜின் முதுகைப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. போர்வை போர்த்திய அன்றும் அதன் மேலேயேதான் சுற்றியிருக்கிறேன்.

வக்கீல் நோட்டோடு அடுப்படிக்குள் வந்தாள்.

"அம்மா, கேளுங்க. முதல் பதினஞ்சு நாள் வெந்நீரோட சேத்து அஞ்சு. போர்வை போட்டப்புறம் ஏழு. வெந்நீரை நிறுத்தினப்புறமும் ஆறு. போர்வை தின்னது ரெண்டு, ஹீட்டர் தின்னது ஒண்ணு. போர்வை இல்லாம இருந்தா அப்பா தினம் குளிச்சிருந்தாலும் முந்நூறைத் தாண்டியிருக்காது. ஹீட்டர் மேல குத்தம் இல்ல."

"ஹீட்டர் மேல இல்லைன்னா?" என்றாள் மனைவி.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஹீட்டரைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும் என்று நிறுத்திக்கொண்டேன்.

மச்சான் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டான். "அதெல்லாம் சரிக்கா. ஆனா பேச்சுன்னா பேச்சு. முந்நூறுக்கு மேல போனா கழட்டுறதுன்னு நீதான் சொன்ன. போர்வை பத்தி அப்ப யாரும் பேசல."

நியாயம் அவன் பக்கம்தான் இருந்தது. வக்கீல் நோட்டை மூடினாள்.

மனைவி குளியலறைக்குள் போனாள். ஹீட்டர் சுவிட்சில் போட்ட முடிச்சைப் பிடித்தாள். அவள் விரல்களை அன்றைக்குக் கவனித்தேன். கேன்டீன் தண்ணீரில் ஊறி ஊறி நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருந்தன. பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

"அம்பது நாளா இதுக்குக் காவல் காத்திருக்கேன். இதுல அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துட்டுக் கழட்டுறேன்," என்று சுவிட்சைப் போட்டாள்.

இருபது நிமிஷம் காத்திருந்தோம். சிவப்பு விளக்கு அணைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பச்சைத் தண்ணீரில் அவள் குளிப்பது எனக்குத் தெரியும். மொண்டு மொண்டு சடசடவென்று மூன்று நிமிஷத்தில் முடிப்பாள். இன்றைக்கு ஒரு செம்பு ஊற்றினாள். சத்தம் இல்லை. வெகுநேரம் கழித்து இன்னொரு செம்பு. சத்தம் இல்லை.

மச்சான் ஸ்பேனரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு ஸ்பேனரைத் தரையில் வைத்தான்.

"அக்கா, தூங்கிட்டியா?"

பதிலுக்கு இன்னொரு செம்பு விழுந்தது.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்தாள். முகம் சிவந்து, பத்து வயது குறைந்தவள் மாதிரி இருந்தாள். உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"தம்பி, டீ போடுறேன், குடிச்சிட்டுக் கெளம்பு."

"அப்ப ஹீட்டரு?"

"கடையில புதுசு விக்குதாம்ல. உனக்குத்தான் எலக்ட்ரீசியன்னு தள்ளுபடி தருவானே."

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். கொண்டுவந்த கம்பளியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"நாளைலேருந்து வேலை விட்டு வந்ததும் நான்தான் முதல்ல," என்று என்னிடம் சொன்னாள். "நீங்க அப்புறம். ரெண்டு பேருக்கும் சேத்து அஞ்சுக்குள்ள நிக்கணும். எப்படின்னு நீங்கதான் யோசிக்கணும். போர்வையெல்லாம் வேண்டாம்."

துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பாக அரைச் செம்பு வந்தது. மிச்சமெல்லாம் பச்சைத் தண்ணீர்தான். அந்த அரைச் செம்பை இடது முழங்காலுக்கு ஊற்றுவதா, வலது முழங்காலுக்கா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். வெளியே மச்சானுக்கு டீ ஆற்றிக்கொண்டே அவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது.

பாதிப் பாதியாக ஊற்றிக்கொண்டேன்.